பென்சிலினுக்கு வளையம் விழவில்லை

1961ஆம் ஆண்டு, குற்றாலத்தில் சீசன் தொடங்கிய சமயம். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேச்சித்தாய் காய்ச்சலில் கிடந்தாள். சர்ஜன் நமசிவாயம் வயிற்றைக் கீறிப் பிள்ளையைப் பத்திரமாக எடுத்திருந்தார். ஆனால் தையல் பிரிந்து சீழ் வடிந்தது.

“காலையும் சாயங்காலமும் பென்சிலின் குத்துதாவ டாக்டரம்மா. பிள்ளையத் தூக்கக்கூட முடியல” என்றாள், பார்க்க வந்த ஜெபமலரிடம்.

ஜெபமலர் சென்னையில் கிருமியியல் படித்துவிட்டு, புதிதாக அங்கே சேர்ந்திருந்த டாக்டர்.

“மருந்து பழசா இருக்கும். டோஸைக் கூட்டுவோம்” என்றார் நமசிவாயம்.

“மருந்து நல்லாத்தான் இருக்கு சார். இந்தக் கிருமி அதுக்கு அடங்கலையோன்னு சந்தேகம். நாளைக்குச் சொல்லுதேன்.”

கிருமி வளர்வதற்கான கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைத்திருந்தாள் ஜெபமலர். சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அதன்மேல் தடவினாள். வெவ்வேறு மருந்தில் தோய்த்துக் காயவைத்த, பொட்டளவு காகித வட்டுகளை அங்கங்கே பதித்து, தட்டைக் கதகதப்பான பெட்டிக்குள் வைத்தாள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காது. வெறும் வளையம் விழும்.

மறுநாள் காலை பென்சிலின் வட்டின் விளிம்புவரை பொன்னிறமாகக் கிருமி முளைத்திருந்தது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அப்படியே. எரித்ரோமைசினைச் சுற்றி மட்டும் அகலமாக வளையம்.

நமசிவாயம் தட்டை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “பென்சிலின் பக்கத்துலயே உக்காந்து வளருதே” என்றார்.

எரித்ரோமைசின் தென்காசிக் கடைகளில் இல்லை. பேச்சித்தாயின் புருஷன் வேல்சாமி ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தான். இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது. பேச்சித்தாய் பிள்ளையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குள், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்திருந்த கடையநல்லூர் நெசவாளி மைதீனுக்கும் சீழ் வைத்தது. அவர் தட்டிலும் பென்சிலினுக்கு வளையம் இல்லை, எரித்ரோமைசினுக்கு மட்டுமே. அவருக்கும் அதையே கொடுத்தார்கள்.

“சாரல்ல கட்டுத்துணி காயமாட்டேங்கு. அதுலதான் இருக்கும்” என்றார் நமசிவாயம்.

துணியைச் சோதித்ததில் ஒன்றுமில்லை. இந்தக் கிருமி சிலர் மூக்கில் நோய் எதுவும் தராமலே தங்கியிருக்கும். ஜெபமலர் நர்சுகளின் மூக்கிலும் தன் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தாள். அங்கும் இல்லை.

“என்னைய மட்டும் ஏன் விட்டுட்டிய?” என்று நமசிவாயம் தானாகவே வந்து முகத்தை நிமிர்த்தினார்.

அவருடைய தட்டிலும் அதே பொன்னிறம், பென்சிலினுக்கு வளையம் இல்லை. இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் அவர் அறைக்குப் போனாள்.

“சார், அதே கிருமி உங்க மூக்குல இருக்கு. உங்கள ஒண்ணும் செய்யாது. காயத்துல விழுந்தாத்தான் ஆபத்து.”

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பொண்ணுக்கு நான்தான் குடுத்திருக்கேன்.”

“நீங்க கீறலன்னா தாயும் பிள்ளையும் பிழைச்சிருக்க மாட்டாங்க சார். அதையும் நெனைங்க.”

அவர் எழுந்து நேராக வார்டுக்குப் போய், பேச்சித்தாயிடமும் வேல்சாமியிடமும் நடந்ததைச் சொன்னார்.

“இப்பம் சரியாயிட்டுல்லா? நீங்களே வந்து சொல்லுதிய. வேற யாரு சொல்லுவா” என்றான் வேல்சாமி.

அன்றிலிருந்து நமசிவாயம் ஆபரேஷன் அறைக்குள் நுழையவில்லை. அவசரத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வேறொரு சர்ஜன் வந்தார். நமசிவாயம் மூக்கில் கிருமியைக் கொல்லும் களிம்பு தடவிக்கொண்டு, கிடைத்த ஓய்வில் பல வருஷங்களுக்குப் பிறகு ஐந்தருவியில் போய்க் குளித்தார். அடிக்கடி ஜெபமலரின் அறைக்கு வந்து மூக்கைக் காட்டினார். முதலில் மாற்றமே இல்லை. பிறகு தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் முளைத்தது. கடைசியில் அடுத்தடுத்து வைத்த தட்டுகளில் அந்தக் கிருமி இல்லவே இல்லை.

ஆபரேஷன் அறைக்குத் திரும்பியதும், முகத்துணியை மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டும் பழக்கத்தை அங்கே ஒழித்தார். முதலில் ஆபரேஷன் செய்தது சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஏசுவடியானை. தையல் பிரிக்கும் நாளில் ஜெபமலரைக் கூப்பிட்டனுப்பினார். காயம் காய்ந்து, சிவப்பில்லாமல் ஒட்டியிருந்தது.

“நீங்களே பாருங்க” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர்கள் இருவரும் தன் வயிற்றையே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது ஏசுவடியானுக்குக் கூச்சமாக இருந்தது. வேட்டியை மேலே இழுத்துக்கொண்டார்.

“எப்பம் சார் வயலுக்குப் போவலாம்?” என்று கேட்டார்.