ரேலீனின் உண்மையான முகவரி

"இந்த அட்ரஸை உனக்கு யார் குடுத்தா?"

பூங்கொத்துடன் நின்ற பையனைக் கிளெனிஸ் வாசலிலேயே மடக்கினாள்.

"சீட்டுல இருக்கு மேடம். பெண்டிகோலருந்து யாரோ அனுப்பியிருக்காங்க."

பெண்டிகோவில் அவர்களுக்கு ஒரு ஈ காக்கை கூடத் தெரியாது. அட்டையில், 'எங்கள் நாய்க்குக் குளிர்கோட்டு தைத்துத் தந்த ரேலீனுக்கு' என்றிருந்தது. நல்ல மனசுதான். ஆனால் கிளெனிஸ் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

தங்கை ரேலீனைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. மதியம் அடக்கம். தாடையை உடைத்த புருஷன் டாரிலிடமிருந்து மகளோடு தப்பி வந்ததிலிருந்து, துவூம்பா ஊரிலிருந்த இந்த வீட்டை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். வாக்காளர் பட்டியலில் முகவரியை மறைக்க மனுப் போட்டாள். கடிதங்களைத் தபாலாபீஸ் பெட்டிக்கு வரவழைத்தாள். அம்மா இறந்த செய்தியை மகள் டாலியா, ரேலீன் கோட்டு விற்றுவந்த இணையதளத்தில் போட்டதும், கோர்ட்டே கிட்ட வராதே என்று சொன்ன அந்த மகராசன் கிளெனிஸுக்குப் போன் செய்தான். "எம்பொண்ணை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? நானே கண்டுபிடிக்கிறேன்" என்றான்.

"பெரியம்மா, இங்க வாங்களேன்." உள்ளேயிருந்து டாலியா கூப்பிட்டாள்.

கணினித் திரையில் அந்த இணையதளத்தின் பெயர். அதைப் பதிவு செய்தவர்: ரேலீன். கீழே வீட்டு எண், தெரு, ஊர், போன் நம்பர்.

"இதை யார் வேணாலும் பாக்கலாமா?"

"யார் வேணாலும். தளத்தோட பேரைத் தட்டினாப் போதும்."

"அடப்பாவிகளா!"

தளத்தின் பெயரைப் பதிவு செய்தபோது முகவரி கேட்டார்கள், பொய் சொன்னால் ரத்து என்றார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லும் பிறவி ரேலீன், சொல்லிவிட்டாள். ஊருக்கே ஒட்டி வைப்பார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது?

கிளெனிஸ் பதிவு நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"என் தங்கச்சி செத்துட்டா. அவ அட்ரஸை எடுத்துடுங்க."

"சாரிங்க. வாடிக்கையாளர் விவரத்தை அடுத்தவங்ககிட்ட பேச முடியாது. அது அவங்க அந்தரங்கம்."

"என்னது? உலகத்துக்கே தெறந்து வச்சுட்டு, எங்கிட்ட அந்தரங்கம் பேசறியா? வெக்கமா இல்ல?"

"இறப்புச் சான்றிதழ் அனுப்புங்க. சில வாரத்துல பாக்கறோம்."

கிளெனிஸ் போனை வைத்தாள். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்காக முட்டை சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை எடுத்து மறுபடி கீழே வைத்தாள். ஒரு நிமிடம் கழித்து அதே எண்ணை அழுத்தினாள். இந்த முறை ஒரு பெண் எடுத்தாள்.

"நான் ரேலீன் பேசறேன்," என்றாள் கிளெனிஸ்.

டாலியா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானான்னு சரிபாத்துக்கறேங்க. பதிவுல இருக்கற அட்ரஸ், போன் நம்பர் சொல்லுங்க."

கிளெனிஸ் திரையைப் பார்த்தாள். அதில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"நன்றி ரேலீன். என்ன செய்யணும்?"

"அட்ரஸை மறைக்கணும்."

"அதுக்குத் தனியாக் கட்டணங்க. உங்க கார்டு செல்லலைன்னு வருதே. அட்ரஸை வேணா மாத்தித் தரேன். ஆனா உண்மையானதா இருக்கணும்."

செத்தவளின் கார்டு எப்படிச் செல்லும்? கிளெனிஸ் பல்லைக் கடித்தாள். சவ அடக்கக்காரர் கொடுத்த தாள் மேசையில் கிடந்தது. அதை இழுத்து, கல்லறைத் தோட்டத்தின் தெருவையும் அதிலிருந்த வரிசையையும் எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"எப்பலேர்ந்து அங்க இருக்கீங்க?"

"இன்னிக்கு மத்தியானம் போறேன்."

"புது வீட்டுக்கு வாழ்த்துகள்!"

டாலியா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் பூ எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனபோது தோட்டக்காரர் வழிமறித்தார்.

"வெள்ளை வண்டில ஒருத்தன் வந்தாம்மா. கையில அட்ரஸை எழுதி வச்சுக்கிட்டு, வீடு எதுன்னு ஒரே கத்தல். இங்க எந்த வீட்டைடா காட்டறதுன்னேன். தாளைப் பிடுங்கிப் பாத்தா நம்ம வரிசை, நம்ம எண். கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

"அப்புறம்?"

"ரொம்ப நேரம் நின்னான். கெட்ட வார்த்தையாப் பேசிட்டுப் போயிட்டான்."

ரேலீனின் புது மண்ணில் ஒரு சிகரெட் துண்டு செருகியிருந்தது. கிளெனிஸ் அதைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றினாள். டாலியா பூவுக்கென்று கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் அந்த இடத்தில் ஊற்றினாள்.