நூற்று நாற்பது வாட் பொய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் உள்ளங்கை அகலத் திரையில் பிறந்தது. வீட்டில் இந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை ஸ்மார்ட் மீட்டர் அதற்குச் சொல்லும். அது எங்களுக்குச் சொல்லும். மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பச்சை விளக்கு எரிந்த அந்தக் காலையில் அவள் தன் வாழ்வை..." (வேண்டாம். முதல் வரியிலேயே வாழ்வு வந்தால் வாசகர் ஓடிவிடுவார்.)

"மின்சாரமும் உறவும் ஒன்றுதான், இரண்டுமே..." (இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.)

"கணவர் லிஃப்ட் மெக்கானிக், மனைவி நாவலாசிரியை." (இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.)

நாவலாசிரியை நான்தான். ஆனாலும் 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். அவள் செய்த காரியத்துக்கு 'நான்' போடும் துணிச்சல் எனக்கு இல்லை.

2

மீட்டர் வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த வாரமே ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, திரையில் எண் எவ்வளவு ஏறுகிறது என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். கெட்டில், ஆயிரத்து எண்ணூறு வாட். அவளுடைய எழுத்து மேசை, அதாவது கணினி, விளக்கு, பிரிண்டர் எல்லாம் சேர்த்து, நூற்று நாற்பது. ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்த பிறகும் நூற்றிருபது ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்கு அது பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோதும் மின்சாரம் இழுக்கும் டிவி பெட்டி, சும்மா செருகிக் கிடந்த சார்ஜர்கள் என்று தேடிப் பிடித்து அதை ஐம்பதுக்கு இறக்கினார்.

"அப்பா, நான் மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் ஏறுமா?" என்றாள் மகள்.

"ஹேர் டிரையரை விடு. மூச்சு தாராளமா விடு."

* மகளுக்கு இந்தக் கதையில் ஏறக்குறைய இவ்வளவுதான் வேலை. இன்னும் இரண்டு வசனம் கேட்டாள். தர மறுத்துவிட்டேன்.

3

மீட்டர் வந்து இரண்டு மாதம் ஆனபோது அவள் நாவலின் ஏழாவது அத்தியாயத்தில் இருந்தாள். பதிப்பாளருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நேரம் போதவில்லை என்று அவள் புலம்பியதைக் கேட்டு, மெக்கானிக் காலை ஐந்து மணிக்கு எழுந்து மதியச் சமையல்வரை முடித்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். "பத்துலேர்ந்து பன்னண்டு வரைக்கும் உன் நேரம். யாரும் கதவைத் தட்டக் கூடாது," என்றார்.

நேரம் கைக்கு வந்ததும் எழுத்து நின்றுபோயிற்று. அதற்குக் காரணம் (இங்கே அரைப் பக்கம் இருந்தது. எல்லாம் சால்ஜாப்பு. எடுத்துவிட்டேன்.) இரண்டு மாதமாகப் பத்து மணிக்கு அறைக்குள் போய், சன்னலோரம் உட்கார்ந்து, எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் அவர் "எழுதினியா?" என்றால், "ஓடிட்டிருக்கு," என்பாள்.

ஒரு மாலை அவர் போனில் மீட்டர் செயலி வரைந்திருந்த அன்றைய மின்சாரக் கோட்டைக் காட்டினார். "பாரு, பத்துலேர்ந்து பன்னண்டு வரைக்கும் வெறும் அம்பதுதான்."

மேசை ஓடியிருந்தால் அதற்கு மேல் நூற்று நாற்பது ஏறியிருக்க வேண்டும். அவள் சொன்ன பொய் முழுவதும் அங்கே கோடாகப் படுத்திருந்தது. விடியுமுன் எழுந்து வெங்காயம் நறுக்கிய மனிதர், இது தெரிந்தால் இனி அவள் சொல்லும் எதை நம்புவார்?

மறுநாள் பத்து மணிக்குக் கணினி, விளக்கு, பிரிண்டர் மூன்றையும் போட்டாள். போட்டுவிட்டுச் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்கு எல்லாவற்றையும் அணைத்தாள். ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

(இந்த இடத்தில் இவளை எனக்குப் பிடிக்கவில்லை. தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். தூக்கினால் கதையில் மீட்டர் மட்டும்தான் மிஞ்சும்.)

4

"இன்னைக்குக் கம்ப்யூட்டர் ஓடியிருக்கு போல," என்றார் மாலையில் வந்ததும்.

"ஆமாங்க. நல்லா எழுதினேன்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே போனை இன்னொரு முறை பார்த்தார். "எழுதலம்மா நீ."

"அதான் ஓடியிருக்கே."

"கோடு ஒரே மட்டமா இருக்கு. எழுதுறப்போ நீ இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போய் டீ போடுவ. கெட்டில் ஏறி ஏறி இறங்கும். மொத ரெண்டு மாசம் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. சரி, கையால எழுதுறியோன்னு நெனச்சேன். கையால எழுதினாலும் டீ வேணுமே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. "ரெண்டு மாசமாத் தெரியுமா? ஏன் கேக்கல?"

"அந்த ரெண்டு மணி நேரம் உனக்குக் குடுத்தது. எழுதினாத்தான்னு நான் சொல்லலியே," என்றார்.

5

முடிவு ஒன்று: அவள் மேசைக்கு ஓடி ஏழாவது அத்தியாயத்தை முடித்தாள். (பொய். இன்னும் ஏழிலேயே நிற்கிறது. பதிப்பாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.)

முடிவு இரண்டு: "இனி நானே சமைக்கிறேன்," என்று அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். (சொல்லிப் பார்த்தேன். கத்தியைத் தர மாட்டேன் என்றுவிட்டார்.)

'அவள்' எப்போதோ நழுவிப் போய் 'நான்' வந்துவிட்டேன். போகட்டும்.

இதுவரை எழுதியதை நேற்று மெக்கானிக்கிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா கடைசியில நான் ஒண்ணு சொல்றதா எழுதியிருக்க பாரு, உனக்குக் குடுத்ததுன்னு. அதை நான் சொல்லலியே."

"சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம்."

"இல்லம்மா. நான் ஒண்ணுமே சொல்லல."

அவர் சொல்வது சரி. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, போனில் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தார். மறுநாள் அவருக்கு விடுமுறை. நான் எழுந்தபோது சமையல் முடிந்திருந்தது. பத்து மணிக்கு என் அறைக் கதவை அவரே வெளியிலிருந்து சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் குறைக்கும்படி மகளிடம் சொன்னார்.

இப்போது அந்த வசனத்தை அடிப்பதா, விடுவதா? அடித்தால் நேர்மை. விட்டால் என் காதில் விழுந்தது இருக்கும். எனக்கு அது கேட்டது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், அதனால் என் தீர்ப்பை நம்ப முடியாது. பேனாவை உங்களிடம் தருகிறேன்.