குழாய் வாயில் எடுத்த தண்ணீர்

அருள்முருகனின் வலது கையை உப்பனாற்றுக் கரைக் கல்லில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாயக் கம்பெனியின் அடியாள் சடையப்பன் இன்னொரு கல்லால் இரண்டு முறை ஓங்கிக் குத்தினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிப் போயின. பட்டப்பகல், பதினோரு மணி. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் வலையில் சிக்கல் விழுந்தது.

கடலூர் முதுநகரில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன் அருள்முருகன். விரல்தான் அவனுக்குச் சோறு. அக்காள் ஜெயராணி ஓடி வந்து சேர்வதற்குள் சடையப்பனின் ஜீப் போய்விட்டது.

"மேப்புல எம் பேரப் பாத்துட்டு வந்தானுங்கக்கா," என்றான் அவன்.

அந்தப் பேரைப் போடச் சொன்னவளே ஜெயராணிதான்.

சாயக் கம்பெனிக் குழாய் ஆற்றில் வந்து விழுகிற இடத்தில் நான்கு வருஷமாகத் தண்ணீர் மொண்டு சோதித்து வருகிறார்கள் ஜெயராணியும், மீன் விற்கிற புஷ்பவள்ளியும், இன்னும் மூன்று பேரும். கருவி அருள்முருகன் செய்தது. ஒரு கறுப்பு அட்டைப்பெட்டி, உடைந்த சிடித் துண்டு, பழைய போன் கேமரா, அவ்வளவுதான். தண்ணீரில் சாயம் எவ்வளவு என்று அது காட்டிக் கொடுத்துவிடும். நோட்டில் தேதி, நேரம், அளவு எல்லாம் இருக்கும். எடுத்தவர் பெயர் மட்டும் இருக்காது. 'நாங்க' என்றுதான் எழுதுவார்கள். பெயரை எழுதினால் என்ன நடக்கும் என்று அந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு மாதம் முன்பு சிதம்பரத்திலிருந்து ஓர் ஆய்வு மையத்தார் வந்தார்கள். பொதுமக்களும் சேர்ந்து செய்கிற அறிவியலாம். "ஒங்க நோட்டும் எங்க லேபும் சேந்தா, கலெக்டர் ஆபீஸ் விசாரணையில யாரும் தள்ள முடியாது," என்றார் விஞ்ஞானி தேவநாதன். கெட்ட மனுஷன் இல்லை. அவர் கொண்டுவந்த படிவத்தில் 'எடுத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டாயம் நிரப்ப வேண்டும். மற்றவர்கள் தயங்கினார்கள். ஜெயராணி மட்டும், "எந்தம்பி பேரப் போடுங்க சார். கருவி செஞ்சவன் அவந்தான்," என்றாள். தம்பி பேர் கம்ப்யூட்டரில் வரும் என்கிற பெருமை, வேறென்ன. மையத்தின் வரைபடத்தில் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் ஊரே பார்க்கும்படி ஏறின. சடையப்பனுக்கு அலைச்சல் மிச்சம்.

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரத்தம் காய்ந்த சேலையோடு அவள் சிதம்பரம் பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தார். மையத்தில் தேவநாதன் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். மூக்குக் கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"எந்தம்பி இனிமே எந்த வெரலால ஸ்குரூ திருப்புவான்? சொல்லு."

விவரம் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பெயர், தெரு, நம்பர் எல்லாவற்றையும் உடனே வரைபடத்திலிருந்து எடுத்தார். "மொத்தப் பதிவையும் அழிச்சிடறேன்மா. அதான் உங்களுக்குப் பாதுகாப்பு."

"அழிச்சா இன்னொரு அறை வாங்குவ. ரெண்டு வெரலு குடுத்திருக்கோம். திங்கக்கெழம விசாரணைக்கு என்னா வேணுமோ அத சொல்லு."

குழாய் வாயிலேயே, மையத்தின் ஆள் பார்க்கப் பிடித்து, அங்கேயே முத்திரை ஒட்டிய ஒரு பாட்டில் வேண்டும். ஒன்றே ஒன்று போதும். சனிக்கிழமை தானே வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை கடல் உள்வாங்குகிற நேரம், ஆற்றில் தண்ணீர் வற்றிக் குழாயின் வாய் தெரிந்தது. ஊதா நுரை கக்கிக்கொண்டிருந்தது. ஜெயராணி பாட்டிலோடு முழங்கால் சேற்றில் இறங்கி நின்றபோது ஜீப் வந்துவிட்டது. தேவநாதன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். சடையப்பன் பக்கத்தில் போய்ப் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தான்.

"ஆபீசருங்க மேல நாங்க கை வைக்கறதில்ல சார். கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

அவர் ஒதுங்கி நின்றார். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் ஒதுங்கி நின்றார் என்பதுதான் விஷயம். இரும்புப் பைப் ஜெயராணியின் மண்டையில் இறங்கியது. பாட்டில் தெறித்து உடைந்தது. குப்புற விழுந்தவளின் முதுகில் ஒருவன் ஏறி மிதித்தான். வாய் நிறையச் சாயத் தண்ணீர். சேற்றுக்கு வெளியே இருந்த ஒற்றைக் கண்ணால் அவள் பார்த்தாள். பத்தடி தள்ளி, மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

தலையில் ஒன்பது தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவர் என்னென்னவோ சொன்னார். போலீசுக்குப் போன் போட்டாராம், அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது.

"நாளைக்கும் தண்ணி வத்தும் சார். வர்றதுன்னா அந்த அட்டைய வூட்ல வச்சிட்டு வா. முடியாதுன்னா வராத."

ஞாயிறு காலை பத்து மணிக்கு, தலைக்கட்டோடு குழாயடியில் நின்றவளிடம் அவர் வந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை. கையில் புது பாட்டில் இருந்தது. அதையும் முத்திரைக் காகிதத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டுக் கரைமேல் நின்றார். புஷ்பவள்ளி படகைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜீப் வர வெகுநேரம் ஆகவில்லை.

"நேத்தே சொன்னன்ல சார். ஒதுங்குங்க," என்றான் சடையப்பன்.

"அட்ட கொண்டாரல," என்றார் தேவநாதன். "இன்னிக்கு நானும் இவுங்க ஆளுதான்."

சடையப்பனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது அடியில் ரத்தத்தோடு பல்லும் வந்தது. அவர் அம்மா என்று அலறிக்கொண்டு விழுந்தார். ஜீப்பில் வந்த ஐந்து பேரும் சுற்றி நின்று மிதித்தார்கள்.

ஓடிப்போய் விலக்கச் சொல்லி ஜெயராணியின் கால் துடித்தது. போகவில்லை. குனிந்து குழாய் வாயில் பாட்டிலைப் பிடித்தாள். விளிம்பு வரை நிறைய வேண்டும், உள்ளே காற்று நிற்கக் கூடாது. அது நிறைகிற நேரத்துக்குள் அவருடைய விலா எலும்பு ஒன்று முறிந்தது. சத்தம் அவளுக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் திருகினாள், காகிதத்தைச் சுற்றி ஒட்டினாள். திரும்பிப் பார்த்தபோது, மிதிக்கிற கால்களுக்கு நடுவே அவர் தலையை மட்டும் தூக்கிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மையத்தின் ஆள் பார்த்தால்தான் செல்லும். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது, மறு கண்ணை அவர் இமைக்கவே இல்லை.

பாட்டிலைப் புஷ்பவள்ளியின் மடியில் போட்டுப் படகைத் தள்ளிவிட்டாள். அது நடு ஆற்றைத் தாண்டும்வரை நின்றாள். அதன் பிறகுதான், படகிலிருந்து உருவி வைத்திருந்த மாற்றுத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள்.