குளியல் தொட்டியில் துவக்குப் புத்தகங்கள்

நாளைக்குப் பொலிஸ் வரும் என்று மனைவி சிவனேஸ்வரியிடம் நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பித்தால் ஒருவர் வீட்டுக்கு வந்து கதைத்துவிட்டுப் போவார், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தால் சரி, அவ்வளவுதான். அவளும் தலையை ஆட்டினாள்.

எனக்கு வேட்டையும் இல்லை, சண்டையும் இல்லை. குழலின் வாய்வழியே வெடிமருந்து இடிக்கிற பழைய காலத்துத் துவக்கு ஒன்றை என் கையால் செய்துபார்க்க வேண்டும். எனக்கென்று இருந்த ஆசை அது ஒன்றுதான். நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் அதற்கு வாத்தியாரை எங்கே தேடுவது? புத்தகம்தான் வாத்தியார். விசைப்பூட்டுக்கு ஒன்று, மரக்கட்டை செதுக்க ஒன்று, குழலுக்கு ஒன்று. எல்லாம் இப்போது அச்சில் இல்லாதவை, உண்மை அளவிலேயே படங்கள் வரைந்தவை. வருகிறவரிடம் அவற்றைக் காட்டி, இவன் ஆபத்தில்லாத பைத்தியம் என்று நம்பவைக்க இருந்தேன்.

ஷிப்ட் முடிந்து ட்ராமில் வந்து கதவைத் திறந்தால், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். தொட்டிக்குள் என் புத்தகங்கள். சிவனேஸ்வரி முழங்காலில் நின்று, உடுப்புத் தோய்ப்பதுபோல் அவற்றை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"எரிச்சா அலாம் அடிக்கும். இஞ்ச கிணறும் இல்லை. வேற என்ன செய்ய ஏலும்?"

ஒன்றைப் பிடுங்கினேன். படம்போட்ட வழுவழுப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகியிருந்தன. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"என்ர அண்ணையை றேடியோ திருத்திற புத்தகத்துக்காகத்தானே கொண்டு போனவங்கள்," என்றாள்.

ஊரில் ஆமி சுற்றிவளைப்பு என்றால் புத்தகமெல்லாம் கிணற்றுக்குள் போகும். அன்று அந்த ஒன்று மட்டும் மேசையில் கிடந்துவிட்டது. அண்ணை திரும்பி வரவேயில்லை. கையிலிருந்த புத்தகத்தைத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விட்டேன்.

அடுத்த நாள் வந்த அதிகாரி பீற்றர் நல்ல மனிசன், சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். "இந்த வேலையை எப்படிப் பழகுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், கோப்பை கிடுகிடுக்க நின்ற சிவனேஸ்வரி தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் முந்திக்கொண்டாள்.

"நோ புக், சேர். நோ புக் இன் திஸ் ஹவுஸ்."

அவர் அவளையும் அந்தக் கோப்பையையும் பார்த்தார். பிறகு பேனையை மூடினார்.

வாசலில் வைத்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் மனைவி இவ்வளவு பயப்படும் வீட்டுக்குத் துவக்குக் கொடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. இனி இந்த ஜென்மத்தில் துவக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

உள்ளே வந்தேன். சிவனேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தீங்களே? புத்தகம் இருந்திருந்தா உங்களை விட்டிட்டுப் போயிருப்பானே?"

"ஓமப்பா," என்றேன். "விட்டிருக்க மாட்டான்."