எலி இல்லாத வீடு

முத்துப்பேச்சி தன் அண்ணனின் இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வலது காலைப் பார்த்தாயிற்று. கைகளைப் பார்த்தாயிற்று. காது மடலின் பின்புறம்கூடப் பார்த்தாயிற்று.

"எங்கயோ தீண்டியிருக்கு மதினி. கண்ணுக்குத் தட்டுப்படல."

"பாம்பு இல்ல" என்றாள் சுந்தரம்மாள்.

கணவன் சோலைமலையின் தலைமாட்டில் உட்கார்ந்து நண்பகலிலிருந்து அவள் சொல்வது இது ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றும்போதே "எந்தப் பாம்பு?" என்று கேட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சோலைமலை திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர். ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் சாரைப்பாம்பு வளர்க்கிறவர். சாரைக்கு விஷம் கிடையாது என்று பன்னிரண்டு வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை.

பட்டறையில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் வேலை பார்க்கும் நூர் அகமது சுவரோரம் நின்று, புதிதாக வந்தவர்களுக்கு மறுபடி சொன்னார்.

"பதினோரு மணி இருக்கும். சாவிக்கு அரம் போட்டுக்கிட்டிருந்தாரு. அரத்துச் சத்தம் நின்னுச்சு. டீ சொல்லவான்னு கேட்டேன். பேச்சு இல்ல. திரும்பிப் பாத்தா பலகையில தலைய சாச்சிருக்காரு. அரம் கையிலயே இருக்கு. டாக்டரு வந்து மாரடைப்புன்னுட்டாரு."

"நாப்பத்தெட்டு வயசுல மாரடைப்பா?" என்றது ஒரு குரல். "பாம்பு மூச்சுப்பட்டிருக்கும்."

சுந்தரம்மாளுக்கு அழுகை வரவில்லை. அவருடைய கட்டைவிரல் நகக்கண்ணில் பித்தளைத் தூள் மினுங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள். காலையில் கூழைப் பாதி குடித்துவிட்டு, "சாயங்காலம் வந்து குடிக்கிறேன், மூடி வை" என்று போனவர். மூடித்தான் வைத்திருக்கிறாள். அதை இனி என்ன செய்வது என்பது ஒன்றுதான் அவள் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது.

மகன் வீரன் மதுரையில் ஆலை வேலையில் இருந்தான். அவன் வந்ததும் எடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது. அடுப்புக்குப் பின்சுவரை ஒட்டி அந்தப் பானை இருந்தது. அகன்ற வாய்ப் பானைக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதற்குள் மூன்று கல் வைத்து அதன்மேல் இன்னொரு சிறிய பானை. அதில் ஆற்று மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பாதி உயரம். அந்த மெத்தையில் பதினொரு முட்டைகள். அடுப்பின் சூடு சுவர் வழியாக வந்து தண்ணீரை வெதுவெதுப்பாக்கும், தண்ணீரின் ஆவி மணலைக் காயவிடாது. சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு. நேற்று மாலை அறுபத்து மூன்றாவது கோடு போட்டார். சாரைக்குட்டி வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். "இந்த வாரத்துக்குள்ள மூக்கு தெரியும் பாரு" என்றிருந்தார்.

தோலுக்காகச் சாரைகளைப் பிடித்துப் போகிறார்கள், காட்டில் எலி பெருகிவிட்டது, கடலையை அறுவடைக்கு முன்பே எலி தின்கிறது என்று கடலை போட்ட சம்சாரிகள் பட்டறையில் வந்து புலம்பியபோது ஆரம்பித்தது இது. பிடிக்கிறவன் பிடிக்கட்டும், நாம் பொரிக்கவைப்போம் என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படி ஒன்றைச் செய்தவர் யாரும் அந்தப் பக்கத்தில் இல்லை.

முதல் மூன்று வருடமும் முட்டைகள் அத்தனையும் அழுகின. மணல் ஈரம் அதிகமோ என்று குறைத்தார். சூடு போதவில்லையோ என்று பானையை நகர்த்தினார். ஒவ்வொரு வருடமும் நாறும் முட்டைகளை வாழைக்கொல்லையில் புதைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பார்.

அழுகவைத்தவள் சுந்தரம்மாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவள் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள். அடைகாக்கும் கோழி ஒரு நாளில் பலமுறை அலகால் முட்டையைப் புரட்டிவிடும். புரட்டாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். சோம்பேறிக் கோழியாக இருந்தால் அவளுடைய அம்மா கையாலேயே புரட்டிவிடுவாள். பானைக்குள் தாயில்லாமல் கிடந்த முட்டைகளைப் பார்த்தபோது அவளுக்கு அதுதான் தோன்றியது. மத்தியானம் அவர் பட்டறையில் இருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பக்குவமாகப் புரட்டிவைத்தாள். பாம்பு முட்டையைத் தொட்டதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. குட்டி பொரிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மூன்றாம் வருடம் அவர் ஒவ்வொரு முட்டையின் மேலேயும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அவள் அதைக் கவனித்தாள், அதன் பொருளை யோசிக்கவில்லை. பத்து நாள் கழித்து அவர் மூடியைத் திறந்தபோது குறிகள் பக்கத்துக்கு ஒன்றாகத் திரும்பிக் கிடந்தன. வெகுநேரம் குனிந்தபடி நின்றார். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எலி உருட்டுது போல" என்றார்.

அடுத்த வருடம் பானைக்குக் கம்பிவலை மூடி வந்தது. அதற்கு அவரே செய்த சின்ன மாங்காய்ப் பூட்டும் வந்தது. சாவியை அடுப்படி நிலையில் ஓர் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அந்த வருடம் ஒன்பது குட்டிகள் பொரிந்தன. அன்று நூர் அகமதுவிடம் அவர் விளக்கியதை அவள் காபியோடு நின்று கேட்டாள்.

"கோழிக்கு நேர்மாறு பாய். பாம்பு முட்டையில கரு ரெண்டே நாள்ல மேல்பக்கத்து ஓட்டோட ஒட்டிக்கிரும். அங்கனதான் அதுக்கு மூச்சு. புரட்டிவிட்டோம்னா மஞ்சக்கரு பூராம் அதுமேல சாஞ்சு, மூச்சு முட்டிச் செத்துப்போகும். இட்ட மாதிரியே இருக்கணும். அம்புட்டுத்தான்."

மூன்று வருட முட்டைகளையும் கொன்றது யாரென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். எலிமேல் பழி போயிருக்கிறதே, போகட்டும் என்று நாள் தள்ளிப்போனது.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு மூடிபோட்ட ஓலைப்பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். கீரனூர்ச் சம்சாரி பெருமாள்சாமி. கூட்டத்தைப் பார்த்ததும் பெட்டி கையிலிருந்து நழுவியது.

"குட்டி எடுத்துக்க இந்த வாரம் வரச் சொன்னாருங்களே" என்றார். உள்ளே வந்து உடலைப் பார்த்தவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"பத்து வருசமா இந்த ஊட்டுக்கு வாரனுங்க. ஒரு எலிப்புழுக்கை கண்டதில்லீங்க. நெல்லு மூட்டைய அப்படியே சுவத்தோரம் சாச்சிருப்பாரு. கூரையில ரெண்டு சாரை ஓடுனா எலி எட்டிக்கூடப் பாக்காதும்பாரு. மொதக் குட்டி பொரியறதுக்கு முந்தியே அப்படித்தானுங்க. அதப் பாத்துத்தான் எனக்கே ஆசை வந்துச்சு."

சுந்தரம்மாள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். மூங்கில் வாரைக்கு இடையில் உரித்துப்போட்ட பாம்புச் சட்டை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சுவரோரம் நெல் மூட்டை. ஓட்டை இல்லாத மூட்டை.

பிறகு, எலி உருட்டுது என்று சொன்ன கணவனின் முகத்தைப் பார்த்தாள். பித்தளைத் தூள் ஒட்டிய அவருடைய கட்டைவிரலைப் பற்றிக்கொண்டாள்.

"மதினிக்கு இப்பத்தான் ஒறைக்குது" என்றாள் முத்துப்பேச்சி. "அழுதுரு ஆத்தா, அழுதுரு."

வீரன் வந்தான். குளிப்பாட்டினார்கள். ஐந்து மணிக்கு எடுத்தார்கள். சங்குச் சத்தம் தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீடு கழுவ எழுந்தார்கள். சாவு வீட்டில் இருந்த தண்ணீர் ஒரு சொட்டு மிஞ்சக்கூடாது. புழங்கிய மண்பானை எதுவும் தங்கக்கூடாது. முத்துப்பேச்சி குடங்களைக் கவிழ்த்தாள். கூழ்ச்சட்டியைக் கொண்டுபோய் முற்றத்தில் போட்டாள். அது உடைந்த சத்தத்தில் சுந்தரம்மாளின் உடம்பு தூக்கிப்போட்டது.

"இதென்ன, பானைக்குப் பூட்டு?" என்று அடுப்படியிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் கேட்டது. "பூட்டோட தூக்கி வீச வேண்டியதுதான்."

சுந்தரம்மாள் எழுந்தாள். புருஷனை அனுப்பிய இடத்தைவிட்டு அவள் எழக்கூடாது என்று இரண்டு பேர் தோளை அழுத்தினார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு ஓடினாள். முத்துப்பேச்சி உள்பானையை விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டிருந்தாள்.

"சாய்க்காதே!"

"மதினி, தீட்டுப் பானை..."

"சாய்க்காதே பேச்சி. அப்படியே பிடி. ஆட்டாதே."

"அவரு போயி சுடுகாடு சேரல, பாம்பு முட்டைக்கு மல்லுக்கட்டுறியே. ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். கைய எடு. மெதுவா."

தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தை வாங்குவதுபோல அவள் பானையை இரண்டு உள்ளங்கைகளில் வாங்கினாள். "பானைதானே கூடாது? மணலோட வேற எதுக்காச்சும் மாத்திக்கிறேன். பித்தளை அண்டாவ எடுத்துக் கழுவு."

முத்துப்பேச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அண்டாவை எடுக்கப் போனாள்.

அடுப்படி வாசல் நிலையில் சாவி தொங்கியது. சுந்தரம்மாள் பானையைத் தரையில் மட்டமாக இறக்கிவைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினாள். எக்க வேண்டியிருக்கவில்லை; அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் ஆணி அடித்திருந்தார். எட்டு வருடத்தில் முதன்முறையாக அந்தச் சாவியைத் தொட்டாள். பூட்டு சத்தமில்லாமல் திறந்தது.

பதினொரு முட்டைகளிலும் பென்சில் குறி மேலேயே இருந்தது. ஓரத்து முட்டையில் குறிக்குப் பக்கத்தில், பிளேடால் கீறியதுபோல ஈரமாக ஒரு கோடு. அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு நுனி வந்து, நின்று, மூச்சு வாங்கியது.

வெளியே கழுவிய தண்ணீர் முற்றம் முழுக்க ஓடியது. சுந்தரம்மாள் பானைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி இறுக்கி வைத்துக்கொண்டாள்.