லா சூர்த் தொட்டியின் மூச்சு

1958ஆம் வருட அறுவடையில் லா சூர்த் நிலத்துக் கறுப்புத் திராட்சையைப் போட்ட தொட்டி பதினோரு வருடம் பொங்கிக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் பதினைந்து நாளில் அடங்கிவிடும். பிரான்சின் பர்கண்டியில் குன்றுச் சரிவிலிருந்த அந்த நிலத்தின் விளைச்சல் வருடத்துக்கு ஒரே ஒரு தொட்டிதான். நிலத்தின் சுற்றுச்சுவருக்கு அந்தப் புறம் விளைந்ததில் ஒரு கூடையைக்கூட அதில் கலக்க மாட்டார்கள். அதனால்தான் ஏழாம் நாள் காலை கூலிக்காரப் பையன் அந்தோஷ் அதற்குள் செத்தபோது பிணத்தை எடுத்தார்கள், மதுவைக் கொட்டவில்லை.

பொங்கும் சாற்றில் தோல்கள் மேலே வந்து ஏடு கட்டும். ஆள் இறங்கி அதை மிதித்து அமுக்காவிட்டால் எல்லாம் காடியாகிவிடும். இறங்குமுன் மெழுகுவத்தியைக் கொளுத்தித் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே விஷக்காற்று, யாரும் இறங்கக்கூடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நிலத்துக்காரர் மொரிசோ பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில், மெழுகுவத்தியெல்லாம் வேண்டாம், சட்டென்று இறங்கு என்று அந்தோஷிடம் சொன்னார். பிறகு, பையன் குடித்துவிட்டு விழுந்தான் என்றார். பாதிரியார் நம்பினார், ஊரும் நம்பியது. நிலம் வைத்திருப்பவன் சொல்வதை நம்புவது ஊருக்கு எப்போதும் சுலபம். அந்தோஷின் தாய் ஃபிலிபெர்த் பக்கத்திலேயே கூடை கழுவிக்கொண்டிருந்தாள், தன் காதால் கேட்டாள். கூலிக்காரியின் காது சாட்சியாகாது.

பதினாறாம் நாளும் அடங்காத தொட்டியில் அவள் காதை வைத்துப் பார்த்தாள். தூங்குகிறவன் மூச்சுபோல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. சளி பிடித்தால் அந்தோஷுக்கு வருகிற சின்ன விசில்கூட இருந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளே நீளத் தடியால் ஏட்டை அமுக்கினாள். புது விளைச்சலுக்கு மொரிசோ வேறு தொட்டி செய்யச் சொன்னார். உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் அவரை நாள் தவறாமல் நச்சரித்தாள்.

ஐந்தாம் வருடம், தொட்டிகள் இருந்த கொட்டகையிலேயே நடந்த அறுவடை விருந்தில், போதையிலிருந்த மொரிசோ, "ஃபிலிபெர்த், அன்னைக்கு அந்த மெழுகுவத்தி..." என்று ஆரம்பித்தார். தொட்டியில் மூச்சு நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மிச்சத்தை விழுங்கினார், மூச்சு திரும்பியது. அதன்பின் அவள் எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் அது வசதியாகப் போயிற்று.

1969இல் பக்கத்துத் தொட்டியில் மிதிக்க இறங்கிய ஒருவனிடம் திராட்சை வெட்ட வந்த ஒடில், "பாத்துடா, அந்தோஷ் மாதிரி ஊத்திக்கிட்டு எறங்கிராத" என்றாள். வெட்டுக்காரிகள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தோஷைப் பார்த்ததே இல்லை. அவனைப்பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஃபிலிபெர்த் தடியைச் சாய்த்துவிட்டு மொரிசோவின் முன் போய் நின்றாள்.

"சொல்லுங்க முதலாளி."

"சொன்னா நின்னுரும். தெரியுமில்ல?"

"தெரியும். அவன் மூச்ச வச்சுக்கிட்டு அவன் பேர விட்டுட்டேன். இவளுக முன்னாடியே சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். தரையைப் பார்த்துக்கொண்டு அவசரத்தையும் பொய்யையும் சொன்னார். ஒடில் அழுதாள். ஃபிலிபெர்த் அவர் சொன்னதைக் கேட்கவில்லை, அவள் காது தொட்டிமேல் இருந்தது. ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது. அடுத்ததற்காக, எல்லோரும் மதியச் சாப்பாடு முடித்து வரும்வரை நின்றாள்.

பிறகு வேலை நடந்தது. வடித்தார்கள், தோலைப் பிழிந்தார்கள், ஓக் பீப்பாயில் ஒன்றரை வருடம் வைத்துப் புட்டியில் அடைத்தார்கள். மது நன்றாகவே இருந்தது. அதைக் குடிக்கிறவர்கள் முதல் மடக்குக்குப் பின் மூச்சுவிட மறந்துபோவார்கள். முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரும் குடிப்பதில்லை. ஃபிலிபெர்த் ஒரே ஒரு முறைதான் குடித்தாள். தட்டப் போன ஒடிலின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். நேரம் ஆயிற்று. மூச்சு தானாகத்தான் திரும்பியது.