கைக்கெட்டும் தண்ணீர்

பாலம் இல்லாத இடத்தில் தார்ச்சாலை அப்படியே ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. காரை மிதவையில் ஏற்றித்தான் அக்கரை போக வேண்டும். மிதவைக்காரர் கைகாட்டக் காட்ட, வேனம்மா பலகைகளின் மேல் மெல்ல ஏற்றி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். கணவர் சீட்பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் கண்ணாடி வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கும் ஆள், வாய் ஓயாது. கம்ப்ரஸர் செத்துப்போன வீட்டில்கூட, "உங்க மிச்சம் மீதியையெல்லாம் இது இத்தனை வருஷம் தாங்கினதே பெருசுங்க" என்று சிரிக்க வைத்துவிட்டுத்தான் கெட்ட சேதியைச் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அந்த வீட்டுப் பெண் பயந்துபோய்ப் போன் செய்தாள். வேனம்மா ஓடிப் போய்த் தோளைத் தொட்டபோது, "எதுக்கு எழுந்திருக்கணும்னு தெரியல" என்றார்.

அன்றிலிருந்து இப்படித்தான். அழுகை இல்லை, கோபம் இல்லை. சண்டை, சாவு, துரோகம் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால் அதனோடு அவள் மல்லுக்கட்டியிருப்பாள். காரணமே இல்லாததை எங்கே பிடித்து உலுக்குவது? டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் வெளியூர் கூட்டிப் போய் வாருங்கள் என்றார். மகளுக்குப் பள்ளி விடுமுறை வந்ததும் அண்ணனிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு, ஆறுகளும் காடும் பின்னிக் கிடக்கிற இந்தப் பக்கம் கிளம்பிவிட்டாள். ஒரு யானையைக் கண்டால் பழைய மனுஷன் திரும்பி வந்துவிட மாட்டாரா என்ற நப்பாசை. நேற்று யானையே வந்தது. சாலையோர மூங்கிலை முறித்துத் தின்றது. மகள் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். அவர், "ம்" என்றார்.

அக்கரையில் படகுச் சவாரி இருந்தது. தாழ்ந்த படகு, தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் கலங்கலாக ஓடியது. யாரும் கையை வெளியே விட வேண்டாம் என்று படகுக்காரர் ஏறும்போதே சொல்லிவிட்டார். மிரட்டலுக்குச் சொன்னதல்ல. சேற்றுக் கரையில் கிடந்த மரக்கட்டைகளில் ஒன்று கண்ணைத் திறந்து மூடியது. மகள் முன்பக்கம் போய் மண்டியிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் வேனம்மா எதிரில் உட்கார்ந்திருந்த கணவரைக் கவனித்தாள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார், வேலை தொடங்குமுன் மடிப்பதுபோல ஒழுங்காக. கை தண்ணீருக்குள் இருந்தது. வெக்கைக்கு நனைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். கரையில் கிடந்த முதலைகளில் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கி ஆற்றுக்குள் இறங்கியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்த பிறகும் கையை எடுக்கவில்லை.

கத்தினால் மகள் திரும்புவாள். திரும்பினால் பார்ப்பாள். வேனம்மா மெல்ல எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறெதுவும் தோன்றாமல் தன் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் முகம் திரும்பியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளைப் பார்த்தார்.

"கைய எடு."

"நீங்க எடுங்க."

"சொன்னா கேளு, எடு."

அவள் எடுக்கவில்லை. அவர் அவளுடைய மணிக்கட்டைப் பற்றி வெடுக்கென்று வெளியே இழுத்தார். இரண்டு கைகளும் சேர்ந்தே வெளியே வந்தன. படகுக்காரர் திரும்பிப் பார்த்து, சின்னப் பிள்ளைகளைத் திட்டுவதுபோலத் திட்டினார்.

கரைக்கு வந்ததும் மகள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். காருக்குப் பக்கத்தில் நின்றபடி அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உன் கைக்காகத்தான் எடுத்தேன். என் கைய நான் நினைக்கவே இல்ல."

"தெரியும்."

"எத்தன நாளைக்கு இப்படி என் பின்னாடியே வருவ?"

எந்தப் பிள்ளையாவது சீட்டுக்கடியில் தூங்கிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் அவள் ஒரு நாளும் வேனைப் பூட்டியதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஆளை எப்படித் தொலைக்காமல் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. சமையலறை, மாடிப்படி, குளியலறைத் தாழ்ப்பாள் என்று வீடு முழுக்க ஒருமுறை மனசுக்குள் போய்வந்தாள்.

மகள் வந்து, வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுவிட்டு அப்பாவின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எடுத்த படங்களை யாருக்கும் காட்டவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வேனம்மா கண்ணாடியில் பார்த்தாள். மகளின் கை சீட்டின் ஓரமாக முன்னால் நீண்டு, அப்பாவின் சட்டைத் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. ஆக, அவளும் பார்த்திருக்கிறாள். வேனம்மாவுக்குச் சாலை ஒரு கணம் கலங்கித் தெளிந்தது.

மேட்டில் போடப்பட்ட சாலை. மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு பெருகி இருபுறத்துப் புல்வெளியையும் மூழ்கடித்திருந்தது. முன்னால் போன வண்டிகள் நின்றிருந்தன. அவளும் நிறுத்தினாள். தூரத்தில் மூழ்காமல் மிஞ்சிய ஒரே ஒரு திட்டில் மான்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. சுற்றிலும் தண்ணீர்.

"அதுங்க எப்படிப்பா வெளிய வரும்?" என்று மகள் கேட்டாள்.

அவர் கண்ணாடியை இறக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலம்மா."

முன்னால் நின்ற வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வேனம்மா கியரைத் தொடவில்லை. திட்டில் இடம் போதாமல் ஓரத்தில் நின்ற மான் ஒன்று முன்னங்காலைத் தண்ணீருக்குள் வைத்தது, எடுத்தது, மறுபடியும் வைத்தது.